முப்பத்தெட்டுப் பொய்க் கையெழுத்துகளும் ஒரு பிளாஸ்டிக் ஆந்தையும்

வியாழக்கிழமை, இரவு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த வார்த்தைக்குக் கை வரவில்லை. மதிப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டிருக்கிறேன். நான் நலமாக இல்லை. நீங்கள் நலமாக இருப்பதை இன்று காலையும் மாலையும் எங்கள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் நேரிலேயே பார்த்தேன். விசில் அடித்துக்கொண்டு வேறு ஓட்டினீர்கள். ஆகையால் உங்கள் நலம் அறிய எனக்கு ஆவல் எதுவும் இல்லை.

தினமும் பார்க்கிற ஆளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். பேருந்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு பிள்ளைகள், எண்பத்து நாலு காதுகள். வீட்டுக்கு நீங்கள் அப்பா இருக்கும்போதுதான் வருவீர்கள். போன் அப்பாவிடம் இருக்கிறது. அதனால் அம்மாவின் தையல் அறையில், துணி வெட்டும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, மெஷினிலிருந்து கழற்றிய குட்டி விளக்கைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். மேசையிலிருந்து யாருடைய காற்சட்டையோ தொங்குகிறது. அதன் கால் அடிக்கடி என் நெற்றியில் உரசி ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வருகிறது. நாளைக் காலையில் பேருந்தில் ஏறும்போது இதை உங்கள் மடியில் போடுவேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பிரிக்காதீர்கள். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு படியுங்கள். மாலையில் என்னைக் கண்ணாடியில் பார்த்து “என்ன மேடம், லெட்டர் எல்லாம் பலமா இருக்கு” என்று சிரித்தீர்கள் என்றால் இனி நான் நடந்தே பள்ளிக்குப் போவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பா ஏணி வைத்து, நீங்கள் வாங்கிக் கொடுத்த பிளாஸ்டிக் ஆந்தையை வாசலிலிருந்து கழற்றப்போகிறார். அந்த ஆந்தையின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கூடு இருக்கிறது. கூட்டில் நாலு முட்டைகள் இருக்கின்றன. அங்கே கூடு எதுவும் இல்லை என்று நான் முப்பத்தெட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் கையெழுத்து என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கீழே எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்பதை இந்த இரண்டு மாதத்தில் கண்டுகொண்டேன்.

முதலில் அந்தக் குருவிகள் நம் வாசலுக்கு வந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். நூலகப் புத்தகத்தில் தகைவிலான் என்று பெயர் போட்டிருக்கிறது. வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருப்பதால் அம்மா அதைக் கத்தரிக்குருவி என்பாள். வாயில் ஈரமண்ணை உருட்டிக் கொண்டுவந்து, கதவுக்கு மேலே விளக்குப் பக்கத்தில் அப்பி அப்பிக் கட்டும். வந்த இரண்டாம் நாளே, கோட்டின் தோளைச் சரிபண்ண அம்மாவிடம் வந்த வக்கீல் அம்மா திரும்பிப் போகும்போது, அந்தக் கறுப்புக் கோட்டின் அதே தோளில் வெள்ளையாக எச்சம் போட்டுவிட்டது. அவர் கவனிக்காமல் நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, “நீதிபதி என்னையே பார்த்துட்டிருந்தாரும்மா. என் வாதம் அவ்வளவு பிடிச்சுப்போச்சுன்னு நினைச்சு இன்னும் அரைமணி நேரம் பேசினேன். கேஸ் தோத்துப்போச்சு” என்றார். கேஸ் தோற்றதற்கும் குருவிக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று அவர் சொல்லவில்லை, ஆனால் கோட்டை அம்மா கையில் கொடுத்த விதத்தில் சம்பந்தம் இருந்தது. அம்மா அன்றைக்கு ராத்திரி, “இப்படியே போனா என் வாசப்படியை ஒருத்தரும் மிதிக்க மாட்டாங்க” என்று அழுதாள். அதுவரைக்கும் எல்லாம் நியாயமான கஷ்டம்தான். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை வந்தது, ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் வந்தீர்கள்.

“அத்தான், இதுக்குப் போய் கவலைப்படலாமா. எங்க பஸ் டிப்போவுல முன்னூறு புறாவை மூணே நாள்ல காலி பண்ணினவன் நான்” என்றீர்கள். அம்மா உடனே, “நீ ஹார்ன் அடிச்சிருப்ப, தொல்லை தாங்காம அதுங்களே போயிருக்கும்” என்றாள். உங்கள் அக்கா சொன்னதை அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. நீங்கள் அடுத்த வாரமே ஒரு பை நிறையப் பழைய சிடிக்களைக் கொண்டுவந்து வாசல் முழுக்க நூலில் தொங்கவிட்டீர்கள். பளபளப்பைக் கண்டால் பறவை பயந்து ஓடும் என்றீர்கள். குருவிகள் ஒரு நாள் ஒதுங்கி நின்று பார்த்தன, மறுநாள் நடுவில் புகுந்து போகக் கற்றுக்கொண்டன. ஆனால் காலை வெயில் அந்த சிடிக்களில் பட்டுத் தையல் அறைக்குள் சுற்றிச் சுற்றி அடித்ததில், அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு தைத்து, ஒருவருடைய காற்சட்டையின் இரண்டு காலையும் சேர்த்து ஒரே காலாக மூட்டிவிட்டாள். அவர் அதை மடித்து வாங்கிக்கொண்டு போய், பத்தே நிமிடத்தில் திரும்பி வந்து, “எனக்கென்ன மீன் வாலா இருக்கு?” என்று மட்டும் கேட்டார்.

சிடி தோற்றதும் வலை. டிப்போவில் வலைதான் போட்டோம், சிடி சும்மா ஆரம்பத்துக்கு என்று அப்போதுதான் சொல்கிறீர்கள். வலையை இழுத்து ஓரம் விடாமல் கட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, இல்லாவிட்டால் குருவியே சிக்கிச் செத்துப்போகுமாம். நீங்களும் அப்பாவும் கட்டியது கல்யாணப் பந்தலில் அலங்காரத் துணி தொங்குமே, அதுபோல் இருந்தது. நல்லவேளையாகக் குருவி எதுவும் சிக்கவில்லை. முதல் நாள் சிக்கியவர் அப்பா. அவர் மூக்குக்கண்ணாடி மட்டும் வலையில் மாட்டி அந்தரத்தில் நின்றது, அவர் பாட்டுக்கு அலுவலகப் பையோடு நாலு அடி போய்விட்டார். இரண்டாம் நாள் தபால்காரர். மூன்றாம் நாள் மறுபடியும் அப்பா, இந்த முறை கைக்கடிகாரம். வலையைப் பிரித்து எடுத்த அன்றைக்கு நீங்கள் பேருந்துக்குப் போடும் கிரீஸ் ஒரு டப்பா கொண்டுவந்து, மண் ஒட்டாமல் வழுக்கி விழும் என்று கதவுக்கு மேலே பூசிவிட்டுப் போனீர்கள். மண் ஒட்டியது. கிரீஸ்தான் மதிய வெயிலில் உருகி வாசல் மிதியடியில் சொட்டியது. அதில் வழுக்கி விழுந்தது நீங்கள். அந்த மாதத்தில் எனக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான், அப்போது சிரித்ததற்கு இப்போதும் வருத்தப்படவில்லை. அப்பா உங்களைத் தூக்கிவிடும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “மச்சான், எளிதில் தீப்பற்றக்கூடிய பொருளை வெளியேறும் வழியில் தடவியிருக்கீங்க. இது அலுவலகமா இருந்தா உங்க மேல ரிப்போர்ட் எழுதியிருப்பேன்.” இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கு அவர் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் ஆந்தையை வாங்கினீர்கள். சிறகை விரித்து, மஞ்சள் கண்ணை உருட்டிக்கொண்டு, காற்றடித்தால் தலை மட்டும் திரும்புகிற ஆந்தை. பெட்டியில் ஒரு அச்சடித்த தாள் இருந்தது. நீங்கள் அதைப் பிரித்து, முதல் வரியை மட்டும் சத்தமாக வாசித்தீர்கள்: “பறவைகளை விரட்டும்.” பார்த்தீங்களா அத்தான், போட்டிருக்கு என்றீர்கள். அப்பா அச்சில் இருந்தால் நம்பிவிடுவார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். மிச்சத்தை நீங்களும் வாசிக்கவில்லை, மற்றவரையும் வாசிக்க விடவில்லை. அந்தத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்ததால் அம்மா அதில் வக்கீல் அம்மாவின் புதுக் கோட்டுக்கு அளவு குறித்துக்கொண்டாள். தாள் கோட்டோடு போய்விட்டது.

இப்போது அட்டை பற்றி எழுத வேண்டும். அப்பாவின் வேலை உங்களுக்குத் தெரியும், கட்டடம் கட்டடமாகப் போய்ச் சுவரில் மாட்டிய சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர்களைச் சோதிப்பது. ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கும். தேதி, நேரம், கண்டது, கையெழுத்து. அவர் அதையே வீட்டிலும் செய்வார். காஸ் அடுப்புக்கு அட்டை, மேல்தொட்டிக்கு அட்டை, என் பல்வலிக்குக்கூட ஒரு வாரம் அட்டை இருந்தது. ஆந்தை மட்டும் போதாது, ஈரமண்ணைக் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும், தினமும் காலையும் மாலையும் என்று முடிவு செய்து, கதவின் உள்பக்கம் ‘கூடு சோதனை’ என்று ஒரு அட்டையை ஆணியில் மாட்டி, “பொறுப்பாளர் நீதான்” என்று என்னிடம் ஒட்டடைக் கம்பைக் கொடுத்தார். “கையெழுத்துப் போட்டா, நான் என் கண்ணால பார்த்தேன்னு அர்த்தம். புரியுதா?” என்றார். புரிந்தது. எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடம் எதுவும் அவ்வளவு நன்றாகப் புரிந்ததில்லை. ஏனென்றால் அவர் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார், கேண்டீனில் உட்கார்ந்தபடியே இருபது சிலிண்டர் அட்டையில் கையெழுத்துப் போட்டவர். கட்டடத்தில் தீ பிடித்த அன்றைக்கு அதில் ஒரு சிலிண்டர் காலியாக இருந்து, காவலாளிக்குக் கை வெந்துவிட்டது. அந்த ஆளுடன் அப்பா ஒன்பது வருஷமாகப் பேசவில்லை. எதிரெதிர் மேசை. கோப்பு கொடுக்க வேண்டுமென்றால் மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு, “இதை அந்த மேசைக்குக் கொடுங்க” என்பார். ஆளைக்கூடச் சொல்ல மாட்டார், மேசையைத்தான் சொல்வார்.

எட்டு நாள் நான் ஒழுங்காகச் செய்தேன் மாமா. பதினாறு முறை. காலையில் ஆந்தைக்குப் பின்னால் கம்பை விட்டு ஈரமண்ணைத் தள்ளுவேன், பள்ளி விட்டு வந்தால் அதே இடத்தில் அதே அளவுக்கு மண் இருக்கும், அதையும் தள்ளுவேன். ஆந்தையைக் கண்டு அவை பயப்படவே இல்லை. மழையும் படாமல் காற்றும் அடிக்காமல் பின்னால் ஒரு மறைப்பு கிடைத்தது என்று சந்தோஷப்பட்டன போல. முதலில் எனக்குக் குருவிகள் மேல்தான் கோபம். நான் அரைமணி நேரத் தூக்கத்தை விட்டு எழுந்து இடிக்கிறேன், இதுகளுக்குச் சொரணையே இல்லையா என்று இருந்தது. ஒன்பதாம் நாள் காலையில் கம்பை உயர்த்தும்போது ஒரு குருவி எதிரே கம்பியில் உட்கார்ந்திருந்தது. வாயில் மண் உருண்டை. வைக்க இடம் இல்லை, ஏனென்றால் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் மண் இருந்ததால் அதற்குக் கத்தக்கூட முடியவில்லை. அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய், அட்டையில் ‘மண் நீக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள், காலை ஒன்று மாலை ஒன்று, முப்பத்தெட்டு. கூடு வளர்ந்தது, நான் ‘இல்லை’ என்று எழுதினேன். போன வாரம் ஸ்டூல் போட்டு ஏறி, அம்மாவின் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். நாலு முட்டை, வெள்ளை, மேலே பேனா உதறிய மாதிரி பழுப்புப் புள்ளிகள். அன்றைக்கும் ‘இல்லை’. கட்ட ஆரம்பிக்கும் முன் தடுத்துவிட வேண்டும், முட்டை வைத்த பிறகு தொடவே கூடாது என்று அந்தப் புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. தடுத்திருக்க வேண்டிய நேரத்தில் தடுக்காமல் விட்டது நான், இப்போது தொடக் கூடாத நேரத்தில் தொடப்போவது அப்பா. யார் கண்ணிலும் படக் கூடாது என்று தினமும் ஐந்து மணிக்கு எழுந்து வாசல்படியில் விழுந்த எச்சத்தைத் துடைக்கிறேன். அப்பா அலுவலகம் கிளம்பும்போது படியைப் பார்த்து, “எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு. இதுதான் பராமரிப்பு” என்பார். ஒரு நாள் கூட்டிலிருந்து குருவி அவர் தலைக்கு மேலேயே விருட்டென்று பறந்து போனது. அவர், “பாரு, ஆந்தையைப் பார்த்ததும் எப்படி அலறிட்டு ஓடுது” என்றார். மாமா, எனக்கு உங்கள் மேல் எவ்வளவு கோபமோ அதில் பாதி அப்பா மேலும் இருக்கிறது. ஊரில் இருக்கிற சிலிண்டர் எல்லாம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கிறவர், சொந்த வாசலில் இருபத்தேழு நாளும் அட்டையைத்தான் பார்த்தார். தலையை இரண்டு அங்குலம் தூக்கியிருந்தால் முதல் வாரத்திலேயே மாட்டியிருப்பேன். இரண்டு அடி வாங்கியிருப்பேன், முடிந்திருக்கும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? போன திங்கட்கிழமை அந்த அட்டையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குக் காட்டியிருக்கிறார். “இந்தப் பொண்ணுக்குப் பதினாலு வயசு. ஒரு வேளை விட்டிருக்காளா பாருங்க. நீங்கள்லாம் சம்பளம் வாங்கறீங்க” என்று சொன்னாராம். சாப்பிடும்போது சொன்னார். நான் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தபடி அவரையே பார்த்தேன். “ஏன் இப்படி முழிக்கிற? பாராட்டினா வாங்கிக்கத் தெரியணும்” என்று தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

இன்று சாயங்காலம்தான் எல்லாம் முடிந்தது. வக்கீல் அம்மா வந்தார். புதுக் கோட்டின் பைக்குள் அந்தத் தாள் இருந்ததாம். வக்கீல் அல்லவா, இரண்டு பக்கமும் படித்திருக்கிறார். வாசலில் நின்று ஆந்தையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “சார், இதுல மூணாவது நிபந்தனையைக் கவனிச்சீங்களா? வாரம் ஒருமுறை ஆந்தையை வேற இடத்துக்கு மாத்தணும்னு இருக்கு. இல்லைன்னா பறவைங்க பழகிடுமாம்” என்றார். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அச்சடித்த ஒன்றை அவர் படிக்காமல் விட்டது அவர் வாழ்க்கையில் இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். “நாலு வாரமா ஒரே இடத்துல இருக்கே. என்ன அலட்சியம் இது” என்று தன்னையே திட்டிக்கொண்டார். அம்மா, “அந்த ஸ்டூல்ல ஏறி இப்பவே மாத்திடுங்களேன்” என்றாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அப்பா, “ஸ்டூல்ல ஏறி நிக்கிறது விதிமீறல். ஆபீஸ்லேருந்து ஏணி எடுத்துட்டு வரேன். சனிக்கிழமை ஏழு மணி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீதான் பொறுப்பாளர், நீ ஏணியைப் பிடி” என்றார். யோசித்துப் பாருங்கள். நான் ஏணியைப் பிடிக்க வேண்டும், அவர் மேலே ஏறி ஆந்தையைத் தூக்க வேண்டும், முட்டை என் தலையில் விழ வேண்டும், அதற்குப் பிறகு அவர் மேலேயிருந்து என்னைப் பார்க்க வேண்டும். அதோடு ஒன்பது வருஷம் என்னோடும் பேச்சு இல்லை. பேசும்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அதுவரைக்கும் “இதை அந்த நாற்காலிக்குக் கொடு” என்று அம்மாவிடம் சொல்லித்தான் எனக்குச் சாப்பாடு வரும்.

ஆகையால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள். அந்தத் தாள் பழசு, புதிய முறைப்படி ஆந்தையை அசைக்கவே கூடாது, டிப்போவில் இப்போது அப்படித்தான் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். இருபத்தைந்து நாள் தள்ளிப்போனால் போதும், குஞ்சு பொரித்துப் பறந்துவிடும். டிப்போவைப் பற்றி இதுவரை எத்தனையோ சொல்லியிருக்கிறீர்கள், அங்கே முன்னூறு புறாவும் இன்றைக்கும் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பதைப் போன மாதம் பள்ளிச் சுற்றுலா கிளம்பிய அன்று நானே பார்த்தேன். அவ்வளவு பொய் உங்களுக்காகச் சொன்னவர் எனக்காக இன்னும் ஒன்று சொன்னால் குறைந்துபோக மாட்டீர்கள். இதைச் செய்தால் உங்களை மன்னிப்பது பற்றி யோசிப்பேன்.

அத்தைக்கு என் வணக்கம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, பாவம், அவர்களும் உங்கள் யோசனைகளோடுதான் குடித்தனம் நடத்துகிறார்கள். உங்கள் இடுப்பு வலி சீக்கிரம் குணமாகட்டும், ஆனால் சனிக்கிழமைக்குள் ஏணி ஏறுகிற அளவுக்குக் குணமாக வேண்டாம்.

இப்படிக்கு,
கோபம் குறையாத,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசியாகக் கேட்டதைச் செய்ய வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது, நீங்கள் அப்பா எதிரே நின்று அந்தப் பொய்யைச் சொல்வதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் முதல் வரி சொல்வீர்கள், உடனே என்னைப் பார்ப்பீர்கள், காது சிவக்கும், சிரிப்பு வந்துவிடும். அன்றைக்குத் தப்பித்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் நீங்களே நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைப்பீர்கள். உங்களை நம்பி ஒரு முட்டையைக்கூட விட முடியாது. அதோடு, முப்பத்தெட்டு ஏற்கனவே அதிகம். எழுந்து போய் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து, முப்பத்தெட்டு வரிக்கும் பக்கத்தில் ‘இது பொய்’ என்று எழுதினேன். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கீழே, ‘ஆந்தைக்குப் பின்னால் கூடு உள்ளது. முட்டை நான்கு. என் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் யோசித்து அழித்துக்கொள்ளலாம் என்றுதான் பென்சிலில் எழுதினேன், பொய் சொல்ல மாட்டேன்.

அட்டையை மாட்டிவிட்டு மேசைக்கு அடியில் நுழைந்ததும் அப்பா வந்துவிட்டார். படுக்கப் போகும் முன் அவர் காஸ், தாழ்ப்பாள், அட்டை மூன்றையும் பார்ப்பார் என்பதை மறந்துவிட்டேன். விளக்கை அணைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் டார்ச் அடித்துக் கதவு முன்னால் நின்றார். எனக்கு அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் நின்றன. இடது பாதம் வலது பாதத்தை ஒரு முறை சொறிந்தது. பிறகு தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போனார். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. விதிமீறல் என்று சொன்ன அதே ஸ்டூல். திரும்பி வந்து, பனியனில் பேனாவுக்காகவே அம்மா தைத்துக் கொடுத்த பையிலிருந்து பேனாவை எடுத்து நிறைய எழுதினார். போய்விட்டார். நான் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அப்படியே உங்களுக்கு எடுத்து எழுதுகிறேன்:

‘பதிவு 17 முதல் 54 வரை செல்லாது. தவற்றைத் தெரிவித்தவர், தவறு செய்தவரே. பொறுப்பாளரின் கையெழுத்து உரிமை மூன்று மாதம் நிறுத்திவைப்பு. மேற்பார்வையாளர் இருபத்தேழு நாட்கள் மேலே பார்க்கவில்லை. அவர் உரிமையும் மூன்று மாதம் நிறுத்திவைப்பு. ஆந்தை இடமாற்றம் குஞ்சுகள் பறந்த பின். அதுவரை அனைவரும் பின்வாசல். பென்சிலில் எழுதுவது விதிமீறல். ஆந்தையை வழங்கியவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.’

ஆகையால் வர வேண்டாம் என்று எழுத நினைத்தவள், கட்டாயம் வாருங்கள் என்று எழுத வேண்டியதாகிவிட்டது. பின்வாசல் வழியாக வாருங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே படுக்கையறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது: “அந்த விளக்கை மெஷின்ல மறுபடி மாட்டிட்டுப் படு. காலைல அம்மாவுக்கு வேணும்.” மாட்டிவிட்டேன், மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். அப்பா என்னிடம் பேசிவிட்டார், மாமா. உங்களிடம் பேசுவாரா என்பது சனிக்கிழமை தெரியும்.